பூச்சு நிற்காத இடம்

மூன்றாவது தடவை அடித்த பூச்சும் அந்த ஒரு இடத்தில் மட்டும் நிற்கவில்லை. மற்ற இடங்களில் எல்லாம் சாம்பல் நிற ப்ரைமர் அடிப்பூச்சு பாலாடைபோலப் படிந்திருந்தது. டிக்கி மூடியின் இடது ஓரத்தில் மட்டும் ஈரப் பூச்சு தானாக ஒதுங்கிப் போய், அடியிலிருந்த வெறும் தகரம் ஐந்து கோடுகளாகத் தெரிந்தது. அழகேசன் முகமூடியைக் கழற்றி, தொங்கும் விளக்கை அருகே இழுத்துப் பிடித்துக் குனிந்து பார்த்தான். கோடுகள் அல்ல. விரல்கள்.

அது 1976 அக்டோபர். வெளிநாட்டில், வெக்ஸ்போர்ட் என்ற புறநகரில், அழகேசனும் மனைவி வனஜாவும் குடியிருந்த வீட்டோடு ஒட்டியிருந்தது அந்தக் கராஜ். திருச்சியிலிருந்து வந்து ஆறு வருடங்களாக ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன், அந்த ஆறு வருடமும் தெருவில் உறுமிக்கொண்டு போகும் நீண்ட மூக்குக் கார்களை நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், கடைசியில் ஒன்றை வாங்கியேவிட்டான். எட்டு வருடப் பழசு, வி-8 எஞ்சின். அருகிலிருந்த விட்பி என்ற ஊரில் மிஸஸ் டாய்ல் என்ற வயதான அம்மாளின் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. கணவர் இறந்துவிட்டார் என்றாள்.  அவன் ஓட்டிக்கொண்டு புறப்படும்வரை அவள் காரின் அருகில் வரவே இல்லை.

சொந்தக் கையால் சிவப்பு அடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. இதற்குமுன் ஒரு சைக்கிளுக்குக்கூட அவன் பெயிண்ட் அடித்ததில்லை. உப்புத்தாள் வைத்துப் பழைய நிறத்தைத் தேய்த்தபோது கீழே நீலம் வந்தது, அதன்கீழ் வெள்ளை, அதன்கீழ் பச்சை, பிறகு கறுப்பு. எல்லாமே வீட்டில் அடித்தது. வழிந்த தடங்கள் தெரிந்தன. கிழவருக்கு எந்த நிறமும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டான்.

கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அதைத் தாண்டினால் சின்ன நடை, அதன் முனையில் முன்னறை. முன்னறை சோபாவில்தான் வனஜா பகலெல்லாம் படுத்திருந்தாள். ஏழாம் மாதம். முன்னால் இரண்டு தடவை தவறிப்போனதால் எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசனை அவளிடம் போய்விடக் கூடாதென்று அழகேசன் கதவின் இடுக்குகளை டேப் ஒட்டி அடைத்திருந்தான்.

கம்ப்ரஸரையும் ஸ்ப்ரே கன்னையும் கடனாகத் தந்தவர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர், கார்களுக்கு ஒட்டு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அண்ணை, உதிலை ஆரோ கை வைச்சிருக்கினம்," என்றார் கனகசபை. "மனிசற்றை கையிலை எண்ணெய்ப் பசை இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அது பட்ட இடத்திலை பெயின்ற் ஒட்டாது, விலகிப் போயிடும். தின்னராலை வடிவாத் துடைச்சுப்போட்டுத் திருப்பி அடியுங்கோ."

அதைத்தான் மூன்று தடவை செய்தேன் என்றான் அழகேசன். கனகசபை தம் கையை அந்தத் தடத்தின்மேல், தொடாமல், விரித்துப் பிடித்தார். அவருடைய விரல்கள் ஒரு கணு குறைவாக முடிந்தன. அழகேசனையும் அப்படியே பிடிக்கச் சொன்னார். அவனுடையதும் எட்டவில்லை.

"இஞ்சை வேறை ஆர் வந்து போறது?"

யாரும் இல்லை என்றான்.  டீ போடுகிறேன் என்று சொல்லியும் கனகசபை நிற்காமல் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் தகரம் வரைக்கும் மறுபடி தேய்த்து, கையுறை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை தின்னரால் துடைத்து, புதிதாக ப்ரைமர் அடித்தான். இந்தத் தடவை டிக்கி மூடி முழுவதும் பூச்சு நின்றது. அரை மணி நேரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். ஒன்றும் வரவில்லை. மனசு லேசாகி, பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய், வனஜாவுக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தான்.

"இன்னிக்கே முடிச்சாகணுமா?" என்று கேட்டாள்.

"அடுத்த வாரம் குளிர் இறங்கிடும். அப்புறம் பெயிண்ட் காயாது. இன்னும் ரெண்டு மணி நேரந்தான்."

அவள் தட்டை நீட்டிவிட்டுக் கேட்டாள்: "அந்தக் கதவை ஏன் தடவிக்கிட்டே இருந்தீங்க? ரொம்ப நேரமா சத்தம் கேட்டுது."

காலையிலிருந்து அவன் அந்தக் கதவுப் பக்கம் போகவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தான். இந்த நிலையில் அவளைப் பயமுறுத்தக் கூடாது. "டேப் ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு பார்த்தேன்," என்றான்.

அவள் கண் அயர்ந்ததும் கராஜுக்குத் திரும்பினான். ஒரே ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். கம்ப்ரஸர் ஈன சுரத்தில் முனகித் தொடங்கி, பிறகு சீராக இரைந்தது. அழுகத் தொடங்கிய வாழைப்பழம்போல இனிப்பும் காரமுமான தின்னர் நெடி முகமூடியைத் தாண்டி அண்ணத்தில் ஒட்டியது. ஸ்ப்ரே கன்னிலிருந்து சீறிய சிவப்பு, காரின் உடம்பில் பாதியும் காற்றில் மீதியுமாகப் படர்ந்து, விளக்கைச் சுற்றி ஒரு சிவந்த புகைவட்டம் கட்டியது. டிக்கியில் தொடங்கி, இடது பக்கமாகவே, கை நடுங்காமல், ஒரு வீச்சின்மேல் பாதி அடுத்த வீச்சு விழும்படி முன்னேறினான். அழகாகத்தான் வந்தது. முன்விளக்கை எட்டியபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

திரும்பிப் பார்த்தான்.

பின் சக்கரத்துக்கு மேலே சிவப்பு விலகியிருந்தது. ஐந்து நீண்ட விரல்கள், நடுவே உள்ளங்கை.

அதற்கு இரண்டடி முன்னால், கதவுப் பிடியருகே, இன்னொன்று.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன் மட்கார்டில் ஈரம் சுருங்கியது. முதலில் ஒரு புள்ளி. புள்ளி நீண்டு விரலானது. அதன் பக்கத்தில் அடுத்தது. அவசரமே இல்லை. சுவரைத் தடவித் தடவி நடக்கும் குருடன்போல அந்தக் கை டிக்கியிலிருந்து முன்பக்கம் வந்துகொண்டிருந்தது. கடைசியாக முன்விளக்கின் மூலையில் படிந்து நின்றது. அங்கே கார் முடிந்தது. அங்கிருந்து வீட்டுக்குள் போகும் கதவு மூன்றடி தூரம்.

கம்ப்ரஸரை நிறுத்தினான். காதுக்குள் இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது. கதவைப் பார்த்தான். வெள்ளைக் கதவின்மேல் சிவப்புத் தூசி மெல்லிய திரைபோலப் படிந்திருந்தது. அதில் தடம் ஏதும் இல்லை. தின்னர் தலைக்கேறிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். இரண்டு தடவை சொன்னான்.

பக்கவாசல் வழியாக வெளியே வந்து, குளிர்காற்றை இழுத்து மூச்சுவிட்டு, பின்கட்டு வழியாகச் சமையலறைக்குப் போனான். சுவரிலிருந்த போனை எடுத்து விட்பி நம்பரைச் சுழற்றினான். மிஸஸ் டாய்ல்தான் எடுத்தாள். கார் வாங்கியவன் பேசுகிறேன், பெயிண்ட் சில இடங்களில் நிற்கமாட்டேன் என்கிறது, உங்கள் கணவர் ஏதாவது எண்ணெய் பூசிவைத்தாரா என்று கேட்டான்.

 கை இப்போது எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று அவள் கேட்டாள்.

கை என்ற வார்த்தையை அவன் சொல்லவே இல்லை. முன்விளக்கு, என்றான்.

கார் வீட்டுப் பக்கம் பார்த்து நிற்கிறதா என்று கேட்டாள். ஆமாம். வீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவி. அந்த முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தன் கணவருக்கு நிறத்தைப் பற்றி எந்தக் கவலையும் இருந்ததில்லை என்றாள். பெயிண்ட் அடித்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். காயாத பூச்சில் மட்டும் தெரியும். அதற்காகத்தான் அவர் திரும்பத் திரும்ப அடித்தார்.

"நீங்கள் அடிப்பதை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டாள்.

அவன் பதில் சொல்ல வாயெடுத்தபோது காலடியில் ஏதோ க்ளிக் என்றது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் விசிறி கீழே சுழலத் தொடங்கியது. தரையோரக் கம்பி வலையிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. அதில் அழுகிய வாழைப்பழ வாசனை.

மேசைமேல் விரலை இழுத்துப் பார்த்தான். சிவப்பு.

அவன் சிவப்பு அடிக்கத் தொடங்கியதிலிருந்தே இந்த விசிறி கராஜின் காற்றைக் குழாய் வழியாக உறிஞ்சி வீடு முழுக்க ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. மேசை, தட்டுகள், திரைச்சீலை, கையிலிருந்த போன். எல்லாவற்றின்மேலும் பிசுபிசுப்பாய் ஒரு சிவந்த படலம். இன்னும் காயாத படலம்.

போன் கையிலிருந்து நழுவித் தொங்கியது.

நடைக்கு வந்தான். வெள்ளைச் சுவர் இளஞ்சிவப்பாகியிருந்தது. டேப் ஒட்டிய கதவுக்கு இந்தப் பக்கம், தோள் உயரத்தில், ஐந்து விரல் அகலத்துக்குச் சுத்தமான வெள்ளை.

இரண்டடி தள்ளி இன்னொன்று.

அப்புறம் இன்னொன்று. நிலைக்கால்வரை.

அவற்றின் பின்னாலேயே நடந்தான். 

முன்னறை. திரை மூடிய அரையிருட்டு. சோபாவில் வனஜா மல்லாந்து படுத்திருந்தாள். வயிறு மேலெழுந்து தாழ்ந்தது. கண்கள் மூடியிருந்தன. நெற்றியிலும் கன்னத்திலும் மூடிய வெள்ளைப் போர்வையிலும் மெல்லிய சிவப்பு.

கூப்பிட வாய் திறந்தான். 

அவளுடைய கன்னத்தில், காதோரம், சிவப்பு ஒரு விரல் அகலம் விலகியது. அங்கிருந்து கீழே, தாடைவரை. நிதானமாக. ஆசையாகத் தடவுவதுபோல.

வனஜா தூக்கத்திலேயே லேசாகச் சிரித்தாள்.

"வேலை முடிஞ்சுதா?" என்றாள், கண் திறக்காமல்.

அழகேசன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். அவளுக்கும் அவனுக்கும் நடுவே நான்கு எட்டுத் தூரம்.

அவள் கையை உயர்த்தினாள். கன்னத்தருகே, வெறும் காற்றில், எதையோ பிடித்தாள். அவள் விரல்கள் முழுதாக மூடவில்லை. உள்ளே எதுவோ இருந்தது. அதைத் தன் பக்கம் மெல்ல இழுத்து, வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

போர்வையின் சிவப்பில், அவள் உள்ளங்கைக்கு அடியிலிருந்து, ஐந்து நீண்ட விரல்கள் வெள்ளையாக விரியத் தொடங்கின.