ஈரவாசலுக்கு ஒரு நட்சத்திரம்

சித்தி எழுதிய விமர்சனத்துக்குக் கீழே புதிதாக ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. எழுதியவருக்குப் படம் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும். 'உண்மைதான். கால் வலிக்கிறது.'

சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். பகலெல்லாம் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் இனிக்க இனிக்கப் பேசுகிறவள், சாயங்காலம் வாசகர் தளத்துக்குள் நுழைந்தால் 'கத்தரிக்கோல்' ஆகிவிடுவாள். பதின்வயதுக்காரர்களுக்கான மாயக்கதைத் தொடர்கள் என்றால் அவளுக்குக் கை பரபரக்கும். இருநூறு வயதான காதலர்கள், சிறகு முளைத்த பள்ளி மாணவிகள், மூன்றாம் பாகத்தில் செத்து ஐந்தாம் பாகத்தில் எழுந்து வருகிற அண்ணன்கள் என்று யாரும் அவளிடம் தப்பியதில்லை. அக்கா மகளோடு பேச ஏதாவது விஷயம் வேண்டுமே என்றுதான் இந்தப் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கினாள். இப்போது அவள் திட்டுவதைப் படிக்கவே ஒரு கூட்டம் இருந்தது.

அக்கா மகள் உயிரை விடுகிற தொடர் 'ஈரவாசல்'. அதற்கு நேற்றுத்தான் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள். 'நிற்பவன் என்று ஒரு பேய். ஆறு பாகமாக ஒரு வீட்டின் பின்கதவுக்கு வெளியே மழையில் நிற்கிறது. உள்ளே வராது, போகவும் போகாது. அதற்குக் கால் வலிக்காதா? படிக்கிற எனக்கே வலிக்கிறது. யாராவது கூப்பிட்டு உட்கார வையுங்களப்பா!' தொடரின் ரசிகர்கள் கொதித்தார்கள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பின்னூட்டத்துக்குப் பதில் கொடுக்காவிட்டால் கத்தரிக்கோலுக்குத் தலை வெடித்துவிடும். 'அடடா, எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி சும்மாதான் கிடக்கிறது' என்று தட்டி அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. 'சரி.'

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அது சாதாரண மழைதான். ஜன்னல் தகரத்தில் தடதடத்து, குழாயில் இறங்கி, சமையலறைக்குப் பின்னால் இருக்கிற சின்ன முற்றத்தில் சிமெண்டுத் தரையை அறைந்துகொண்டிருந்தது. ஆனால் அதோடு ஒரு வாடையும் வந்தது. துவைத்த துணியை வாளியில் போட்டு மறந்து, நாலைந்து நாள் கழித்து மூடியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. சித்தி எழுந்து போய் வாளிகளைப் பார்த்தாள். எல்லாம் காய்ந்து கிடந்தன.

அக்கா மகள் வாண்டு சோபாவில் குப்புறப் படுத்து ஏழாம் பாகத்தில் மூழ்கியிருந்தாள். பதின்மூன்று வயதாகியும் வீட்டில் அவள் வாண்டுதான். அக்கா நர்ஸ், மாலை ஷிஃப்ட் என்றால் மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போவாள். "பத்திரமா பாத்துக்கடி" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். சொல்லவே வேண்டியதில்லை. தனக்கென்று பிள்ளை இல்லாத சித்திக்கு இந்தப் பெண்தான் எல்லாம்.

"ஏண்டி, ஒரு சந்தேகம். உன்னோட நிற்பவனை யாராவது உள்ள கூப்பிட்டா என்ன ஆகும்?"

வாண்டு புத்தகத்தை இறக்கி முறைத்தாள். "நாலாம் பாகத்துலயே வந்துடுச்சே. நீங்க நாலாம் பாகம் படிச்சீங்களா, இல்லையா?"

"புரட்டினேன்."

"புரட்டினீங்களா! படிக்காமலேயே நட்சத்திரம் போடுற ஆளுங்களைத் திட்டுவீங்களே சித்தி, இப்ப நீங்க?"

"சரிடி, மானத்தை வாங்காதே. சொல்லு."

"கூப்பிட்டவங்களை அது ஒண்ணும் பண்ணாது. உள்ள வந்து உக்காரும், அவ்வளவுதான். ஆனா அது நின்ன இடம் காலியா இருக்கக் கூடாது. கூப்பிட்டவங்களால அந்தப் படியைத் தாண்ட முடியாது, அந்த வீட்டுல இருந்து வேற ஒருத்தர்தான் போய் நிக்கணும்."

"நின்னா என்ன? திரும்ப உள்ள கூப்பிட்டுக்க வேண்டியதுதானே?"

"ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் கூப்பிட முடியும். அது தீந்துடும்." வாண்டு எழுந்து சோம்பல் முறித்தாள். "தண்ணி குடிச்சிட்டு வரேன். உங்களுக்கு வேணுமா?"

சித்தி வேண்டாமென்று தலையசைத்தாள். வெறும் கதை. யாரோ ஒரு வேலையில்லாத ரசிகர் வம்புக்கு இழுக்கிறார். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் போனை எடுத்துத் தன் பதிலை அழிக்கப் பார்த்தாள். பதில் அழிந்தது. கீழே இருந்த 'சரி' மட்டும் அழியவில்லை.

சமையலறைப் பக்கம் ஏதோ சுரண்டியது. ஈரக் கதவில் நகத்தை வைத்து மெதுவாக, அவசரமே இல்லாமல் இழுக்கிற சத்தம்.

கரண்ட் போனது.

"சித்தி?" சமையலறையிலிருந்து வாண்டின் குரல்.

"பயப்படாதே. அங்கேயே நில்லு. நான் வரேன்."

சொன்ன பிறகுதான் அந்த 'நில்லு' உறைத்தது. ஏன் அப்படிச் சொன்னேன்? எழுந்தாள். முழங்கால் மேசையில் இடித்தது. போன் கையிலிருந்து நழுவிக் கீழே எங்கோ விழுந்தது. குனிந்து தரையைத் தடவினாள். உள்ளங்கையில் ஈரம். சில்லென்ற ஈரம், சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும். பக்கத்தில் யாரோ நடந்து போனார்கள். சளக். சளக். நாற்காலி இழுபட்டது.

வெளிச்சம் வந்தது.

வாண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு. அதே நீலச் சட்டை, அதே பின்னல். சித்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வந்துட்டியா? பயந்தே போயிட்டேன்டி."

பின்னல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாற்காலிக்கு அடியில் குளமாகத் தேங்கியிருந்தது. இரண்டு கால்களும் நீட்டியிருந்தன. பாதங்கள் வெளுத்து, ஊறி, உப்பியிருந்தன. பல வருஷம் தண்ணீரில் கிடந்த பாதங்கள். நீண்ட பெருமூச்சு ஒன்று. குழந்தையின் மூச்சு இல்லை அது.

"அப்பாடா."

அப்போது பின்கதவு தட்டப்பட்டது. மெதுவாக, ஒரு சிறுமியின் கை தட்டுகிற சத்தம்.

சித்தி ஓடினாள். வழுக்கினாள். எழுந்தாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அதை இழுத்துத் திறந்தாள்.

மழையில் வாண்டு நின்றுகொண்டிருந்தாள். கையில் இன்னும் தண்ணீர் டம்ளர்.

"உள்ள வாடி! வா, வா, கண்ணு, வா!"

வாண்டு காலைத் தூக்கினாள். நிலைப்படிக்கு நேராகக் கால் நின்றுவிட்டது. மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் நின்றது. சித்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பலம் முழுவதையும் போட்டு இழுத்தாள். கை கதவு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. தானே வெளியே போகலாமென்று பாய்ந்தாள். அவள் காலும் படியைத் தாண்டவில்லை.

"வா" என்று கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அந்த வார்த்தைக்குள் ஒன்றுமே இல்லை.

பின்னால் நாற்காலி முனகியது. யாரோ ஏழாம் பாகத்தின் பக்கத்தைப் புரட்டினார்கள்.

வாண்டின் கண்களில் மெதுவாகப் புரிந்தது. அவள்தான் எல்லாப் பாகங்களையும் படித்தவள். அழவில்லை. பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து மறுபடியும் மாற்றிக்கொண்டாள். டம்ளர் மழையால் நிறைந்து வழிந்தது.

"சித்தி," என்றாள். "கால் வலிக்குது."