தகட்டுக் கேமராவில் மாறிய லென்ஸ்

மூன்று பேர் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே பழைய கேமராக் கடையின் படி ஏறினார்கள். ஒரு டீச்சர், அவளுடைய கணவன், கணவனின் அண்ணன். வேலையிலிருந்து தலை நிமிர்ந்தான் துருத்தி. பழைய மடிப்புக் கேமராக்களின் மடிந்து விரியும் தோல் துருத்திக்கு ஒட்டுப்போடுகிறவன் என்பதால், கேமரா மதிப்பிடும் அவன் அக்கா வைத்த பெயர் அது.

அண்ணன், பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கும் ஒரு தகட்டுக் கேமராவைத் தொப்பென்று மேசைமேல் வைத்தார்.

"எங்க அப்பாவோடது. வெள்ளிக்கிழமை வரைக்கும் என் வீட்லதான் இருந்துச்சு. பங்கு வேணும்னு இவ குதிச்சா, கொடுத்தேன். ரெண்டே நாள்ல நல்ல லென்ஸைக் கழட்டிட்டு ஒரு குப்பையை மாட்டி வச்சிருக்கா. பார்த்துச் சொல்லுங்க, நேரா போலீஸ்தான்."

"நான் அதைத் திறக்கவே இல்ல," என்றாள் டீச்சர். "கேஸ் ஆனா என் வேலை போயிடும். அது தெரிஞ்சுதான் இவரோட அண்ணன் இந்த ஆட்டம் ஆடுறார்."

கணவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்கா கேமராவின் முன்பலகையை இறக்கித் தோல் துருத்தியை இழுத்துவிட்டாள். "லென்ஸ் மாறினது உண்மைதான். இது சின்னக் கேமராவோட லென்ஸ். உங்ககிட்ட இருந்தப்போ நல்லது இருந்துச்சுங்கறதுக்கு என்ன சாட்சி?"

அதற்காகவே காத்திருந்தவர்போல் அவர் ஒரு படத்தை எடுத்து வீசினார்.

"எங்க வீட்டு மாடிப்படி. போன மாசம் இதே கேமராவுல நான் எடுத்தது. பின்னாடி ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் இருக்கு. குப்பை லென்ஸ்ல இவ்வளவு துல்லியம் வருமா?"

நடுவே மரத்தின் வரிகள்கூடத் தெரிந்தன. நான்கு மூலைகளும் புகை பிடித்ததுபோல் கறுத்திருந்தன. துருத்தி உற்றுப் பார்ப்பதைக் கண்டு, "பழைய கேமரான்னா மூலை அப்படித்தான்யா. அதான் அழகே," என்றார்.

"உங்க அப்பா எடுத்த படம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள் அக்கா.

டீச்சர் பையிலிருந்து மாமனார் எடுத்த ஒன்றை நீட்டினாள். அதே அளவு. மூலைக்கு மூலை வெளிச்சம்.

"துருத்தி, கேமராவைத் தெருப்பக்கம் திருப்பு."

அவன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். பின்புறக் கண்ணாடியில் தெரு தலைகீழாகத் தெரிந்தது. ஆனால் ஒரு வட்டத்துக்குள் மட்டும். நான்கு மூலையும் இருட்டு.

"அக்கா! மாடிப்படி படம் மாதிரியே!"

"சின்ன லென்ஸோட வெளிச்சம் பெரிய தகட்டு மூலைக்கு எட்டாது. நடுவுல துல்லியமா விழும். அதுலதான் சார் ஏமாந்துட்டார்." அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "போன மாசமே இந்தக் குப்பைதான் மாட்டியிருந்தது. அப்போ கேமரா யார் வீட்ல இருந்துச்சு?"

அவர் குரல் இறங்கியது. "குடும்ப விஷயம்மா. லென்ஸை ஒரு நண்பர்கிட்ட வச்சிருக்கேன். கொண்டாந்துடறேன். இதோட விட்டுடுங்க."

"விட்டுடு," என்றான் கணவன், முதல் தடவையாக. "அண்ணன்தானே?"

டீச்சர் கேமராவை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இப்பத்தான் வாய் திறக்குதா? உங்க அண்ணனோடவே போய் லென்ஸைக் கொண்டாங்க. அதுக்கப்புறம் நம்ம வீட்டுக் கதவைத் தட்டினாப் போதும்."