ஐடி கார்டுக்குப் பின்னால் ஒரு கவிதை

"சாயாதீங்க!"

சுமலதா கத்தி முடிப்பதற்குள் அவன் சாய்ந்துவிட்டான்.

கவரைப்பேட்டை பஸ் நிறுத்தம். திங்கட்கிழமை காலை எட்டே முக்கால். சொல்லாமல் கொள்ளாமல் கொட்டிய மழை... ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிவந்தவன், நிழற்குடைக்குள் நுழைந்த வேகத்தில் பின்சுவரில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கினான். அந்தச் சுவரில்தான் இரண்டு நிமிடத்துக்கு முன் அவள் போஸ்டர் ஒட்டியிருந்தாள். நீல நிறப் போஸ்டர் கலரில் கொட்டை எழுத்தில் எழுதிய போஸ்டர். இன்னும் காயவில்லை.

"இன்னாங்க?" என்று அவன் நகர்ந்தான். பாதிப் போஸ்டரும் அவன் முதுகோடு நகர்ந்தது.

புத்தம்புது வெள்ளைச் சட்டை... அதன் முதுகில் 'மூன்றாம் ஷிஃப்ட்' என்ற எழுத்துகள், கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி, நீலமாகப் பதிந்திருந்தன. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள் சுமலதா. பலிக்கவில்லை.

"சிரிக்கிறீங்களா? இன்னிக்கு கம்பெனிக்காரங்க வந்து பேசப் போறாங்க. மொத வரிசைல உக்காரணும்னு புது சட்டை போட்டுக்கினு வந்தேன்."

"நான்தான் சாயாதீங்கன்னு சொன்னேனே."

"சாஞ்சப்புறம் சொன்னீங்க!"

"சாயும்போது சொன்னேன்."

"பஸ் ஸ்டாப் செவுத்துல யாராவது பெயிண்ட் காயப்போடுவாங்களா?"

"காலேஜ் செவுத்துல ஒட்டக் கூடாதுன்னு வைஸ் பிரின்சிபால் சொல்லிட்டாரு. வேற எங்க ஒட்டறது... உங்க முதுகுலயா?"

கேட்ட பிறகுதான், ஏற்கெனவே ஒட்டிவிட்டது அவளுக்கு உறைத்தது. அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். கோபமாக முறைக்கத்தான் பார்த்தான்... இமைகளில் மழைத்துளி நின்ற அந்தக் கண்கள் அவன் பேச்சைக் கேட்காமல் சிரித்துவிட்டன. 'இப்படியும் ஒரு ஜோடிக் கண்ணா...' என்று ஒரு நொடி நின்றாள். 'போதும் சுமா, போஸ்டர் கிழிஞ்சுபோச்சு. அதைப் பாரு.'

மழை விட்டதும் அவன் ரோட்டைத் தாண்டி அவளுடைய கல்லூரிக்குள்ளேயே நுழைந்தான். சட்டையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

'மூன்றாம் ஷிஃப்ட்' சுமலதாவும் அவள் தோழி பிரின்சியும் சேர்ந்து ஆரம்பித்த மாணவர் பத்திரிகை. கதை, கவிதை, ஓவியம். வகுப்பு முதல் ஷிஃப்ட், வீட்டு வேலை இரண்டாவது, மிச்சமிருக்கும் நேரத்தில் எழுதுவது மூன்றாவது என்று பிரின்சிதான் பெயர் வைத்தாள். சுற்றிலும் தொழிற்சாலைகள் உள்ள ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை முதல் இதழ் வர வேண்டும். இதுவரை வந்த படைப்புகள் நான்கு. அதில் மூன்று அவர்கள் இருவருமே எழுதியவை.

மத்தியானம் கேன்டீனில் அவளுக்கு எதிரே ஒரு டீ கிளாஸ் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே அவனும்.

"பென்னி. கெமிஸ்ட்ரி, மூணாவது வருஷம். காலைலேர்ந்து பதினொரு பேர் என்ன நிறுத்தி முதுகப் படிச்சாங்க. மூணு பேரு எங்க கெடைக்கும்னு கேட்டாங்க. உங்க விளம்பர போர்டு நான்தான்."

"சுமலதா. பி.காம். போர்டுக்குச் சம்பளம் கிடையாது."

"தெரியும். அதான் ஒரு ஐடியா குடுக்க வந்தேன். செவுத்துல ஒட்டாதீங்க, மனுஷன் மேல ஒட்டுங்க. எங்கப்பா இரும்பு ரோலிங் மில்லுல இருக்காரு. கம்பெனி பாஸ் கவருக்குள்ள பாஸுக்குப் பின்னாடி எங்கம்மா போட்டோ வச்சிருப்பாரு. நம்ம எல்லார் கழுத்துலயும் ஐடி கார்டு தொங்குது. அந்தக் கவர்ல நுழையற சைஸ்ல பத்திரிகைய மடிங்க. யாரு தடுப்பா?"

அவள் தன் கழுத்து அட்டையைப் பார்த்தாள். பிறகு அவனை... 'மழைல நனைஞ்சவனுக்கு இவ்ளோ மூளையா?'

எழுந்து போகும்போது ஒரு நோட்டுத் தாளை மடித்து டீ கிளாஸின் அடியில் வைத்துவிட்டுப் போனான். பிரித்தாள்.

*வெள்ளைச் சட்டை வாங்காதே என்பார் அப்பா.
எங்கள் தெருவில் மழைகூட
கறுப்பாகத்தான் காய்கிறது.
நான் வாங்கினேன்.
அழுக்காகட்டும்.
யாருடைய புகை என்று
சட்டையாவது சொல்லட்டும்.*

இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கும்போது கண்ணில் என்னவோ கரித்தது. முதல் பக்கம் இதுதான் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

துணை முதல்வர் துளசிராமன் முடிவு வேறாக இருந்தது. புதன்கிழமை கையெழுத்துப் பிரதியைப் பார்த்தவர், அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

"வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்குக் கம்பெனிக்காரங்க வர்றாங்க. இந்த வாரம் டேபிள் போடறது, நோட்டீஸ் குடுக்கறது எதுவும் கூடாதும்மா. இந்தக் கவிதை... எழுதினது யாரு? பேரே இல்லையே. பேர், கிளாஸ், ரோல் நம்பர் போட்டு வந்தா போடு. இல்லன்னா எடுத்துடு. பேர் சொல்லப் பயப்படறவன் எழுத்து எதுக்கு?"

இன்டர்வியூ வாரத்தில் எவனும் பெயர் போட மாட்டான் என்று அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நேராக சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்ப் பென்னியைப் பிடித்தாள்.

"கவிதைக்கு உங்க பேர் வேணும்."

அவன் முகம் மாறியது. "பேரு வேணாங்க. பேர் இல்லாம போடுங்க."

"ஏன், பயமா? சட்டை சொல்லட்டும்னு எழுதறீங்க... நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"வெள்ளிக்கிழமை வர்ற கம்பெனி எங்க தெருப் பக்கம்தான் இருக்குது. லேப் டிரெய்னி வேலை. எங்கப்பா பதினெட்டு வருஷமா கான்ட்ராக்ட்டுலயே கீறாரு. எங்க ஊட்ல மொத பர்மனென்ட் வேலை இதுதான். பயந்துக்கினுதான் இருக்கேன். உங்களுக்கு ஊர்ல, ஆர்.கே.பேட்டைல, நெலம் இருக்குதாமே, இன்னா வேணா தைரியமா பேசலாம்."

சுருக்கென்றது. "நெலத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எழுதினா கையெழுத்துப் போடணும். இல்லன்னா எழுதக் கூடாது."

"அப்படியா?" அவன் சிரித்தான். திங்கட்கிழமை மழைக்குள் பார்த்த சிரிப்பு இல்லை இது. "உன் போஸ்டர்ல 'ஆசிரியர்: தீமழை'ன்னு போட்டிருக்கியே... அது யாரு? உன் பேரு எங்க?"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று கவனிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அதற்குள் அவன் போய்விட்டான்.

ஹாஸ்டலுக்கு நடந்த வழியெல்லாம் அவனைத் திட்டினாள். திமிர் பிடித்தவன்... வாய்க் கொழுப்பு... ஆனால் தீமழை யார்? பேங்க் எக்ஸாமுக்கு மட்டும்தான் மகள் படிக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவுக்குப் பயந்து ஒளிந்துகொண்ட ஒருத்தி. அவனிடம் பேர் கேட்ட வாய்க்குச் சொந்தப் பேரைச் சொல்லத் துணிவில்லை. திட்டு முழுவதும் ஹாஸ்டல் வாசலுக்கு வருவதற்குள் அவள் பக்கமே திரும்பிவிட்டது.

போனை எடுத்தாள். "நைனா... நான் ஒரு பத்திரிகை நடத்தறேன். என் பேரப் போட்டு வருது. வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்றேன்."

மறுமுனையில் டிராக்டர் சத்தம். அதை மீறி அப்பா ஆதிநாராயணனின் குரல் வந்தது.

"இதுக்கா அவ்ளோ தூரம் அனுப்பிச்சேன்? பேரு, கீருன்னு... நாளைக்கு நாலு பேரு இன்னா பேசுவாங்க? ஞாயித்துக்கிழமை நானே வரேன். பொட்டியக் கட்டி வை."

அவள் குரல் நடுங்கவில்லை. "வாங்க நைனா. உங்களுக்கு பத்திரிகை ஒண்ணு எடுத்து வைக்கறேன். பொட்டி கட்ட மாட்டேன்."

இதழை மறுபடி வடிவமைத்தாள். ஐடி கார்டு கவருக்குள் நுழையும் அளவுக்கு மடிக்கிற ஒரே தாள். 'ஆசிரியர்: ஆ. சுமலதா, பி.காம்., மூன்றாம் ஆண்டு.' முதல் பக்கத்தில் கவிதைக்கான இடத்தை வெற்றாக விட்டு, அடியில் ஒரு வரி மட்டும் சேர்த்தாள்: 'இங்கே ஒரு கவிதை இருந்தது. அதை எழுதியவர் பெயர் அவரிடமே இருக்கிறது. கேட்டதற்கு ஆசிரியர் மன்னிப்புக் கோருகிறார்.'

வியாழக்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி பஜாரில் எண்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்து வரும் பொறுப்பு பிரின்சியுடையது.

வெள்ளிக்கிழமை காலையில் பிரின்சி வெறுங்கையோடு வந்தாள்.

"காப்பி எங்கடி?"

"நேத்தே டிரெய்ன்ல ஒருத்தன் முதல் பக்கத்தப் பார்த்தான். எண்பதையும் குடுன்னான். குடுத்துட்டேன்."

"யாருகிட்டயோ குடுத்தியா? உனக்கு அறிவிருக்கா? இன்னிக்குத்தான்டி..."

பேசிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினாள். மழைத்தூறலுக்குள் கல்லூரி வாசலை நோக்கி ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. கெமிஸ்ட்ரி வகுப்பு முழுவதும். ஒவ்வொரு கழுத்திலும் ஐடி கார்டு கவர்... ஒவ்வொரு கவரிலும் முன்பக்கம் 'மூன்றாம் ஷிஃப்ட்'. அவள் வெற்றாக விட்ட இடத்தில் நீல மையில், கையால் எழுதிய ஏழு வரிகள். அடியில்: வ. பென்னி, வேதியியல், மூன்றாம் ஆண்டு, ரோல் நம்பர் 41.

முன்னால் அவன். அதே வெள்ளைச் சட்டை. முதுகில் நீலம் துவைத்தும் போகவில்லை, வெளிறியிருந்தது அவ்வளவுதான்.

வாசலில் துளசிராமன் மறித்தார். "ஐடி கார்டு எங்கே?"

பென்னி கவரைத் திருப்பிக் காட்டினான். "பின்னாடி கீது சார். போட்டுக்கினு வரணும்னுதான ரூல்? போட்டுக்கினுதான் வரோம். டேபிள் போடல... யாருக்கும் நோட்டீஸ் குடுக்கல. நீங்க கேட்ட பேரும் ரோல் நம்பரும் முன்னாடியே கீது."

துளசிராமன் அந்தக் கவரைக் கையில் பிடித்துப் படித்தார். முழுவதும் படித்தார். "இன்டர்வியூவுக்கு இதோடவா போகப்போற?"

"இதோடதான் சார்."

கம்பெனிக் கார் ஹாரன் அடித்தது. அவர் விலகினார்.

பதினோரு மணிக்குள் கவருக்கு வெளியே ஒரு பிரதி மிச்சமில்லை. பொருளியல் பெண்கள் வந்து கேட்டார்கள், கம்ப்யூட்டர் பையன்கள் அடுத்த இதழுக்கு எழுதலாமா என்றார்கள். சுமலதா எல்லாருக்கும் பதில் சொன்னாள்... கண் மட்டும் இன்டர்வியூ அறைக் கதவிலேயே இருந்தது.

அவன் வெளியே வந்தான். மழை இப்போது நன்றாகப் பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்ன ஆச்சு?"

"நீதான் எழுதினியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். பார்த்துட்டு சொல்றோம்னாங்க. அப்படின்னா வராதுன்னு அர்த்தம்."

"என்னாலதான..."

"உன்னால இல்ல. என் பேரு, நான் போட்டேன். கும்மிடிப்பூண்டில இது ஒண்ணுதான் கம்பெனியா? அப்பாகிட்ட நேத்தே படிச்சுக் காட்டிட்டேன். அந்த மனுஷன் வாங்கி பாஸ் கவர்ல அம்மா போட்டோவுக்கு முன்னாடி சொருவிக்கினாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். மழைச்சாரல் என்று சொல்ல வசதியாக இருந்தது.

"எண்பது காப்பியும் கையாலயா? வெரல் வலிக்கலையா?"

"எழுபத்தொம்போது."

"எண்பது குடுத்தேன்னு பிரின்சி சொன்னாளே?"

அவன் தரையைப் பார்த்தான், மழையைப் பார்த்தான், கடைசியில் கழுத்துக் கவரிலிருந்து ஐடி கார்டை உருவி, அதற்குப் பின்னால் இருந்த இன்னொரு மடிப்பை எடுத்து நீட்டினான். எண்பதாவது பிரதி. கவிதைக்கான இடத்தில் கவிதை இல்லை.

*ஆ. சுமலதாவுக்கு. திங்கக்கிழமை காலையிலிருந்து எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு.
வ. பென்னி, வேதியியல், மூன்றாம் ஆண்டு, ரோல் நம்பர் 41.*

"பேரு போட்டுதான் குடுக்கறேன்..." என்றான். குரல் உள்ளே போயிருந்தது. துளசிராமனிடம் நிமிர்ந்து நின்றவனுக்கு இப்போது தலையே நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நைனா வருகிறார். இதையும் பார்ப்பார். வரட்டும்... பார்க்கட்டும். ஒளித்துவைத்துப் பழகியதெல்லாம் புதன்கிழமையோடு முடிந்துவிட்டது.

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். தூணில் தாளை வைத்து, அவன் பெயருக்குக் கீழே நிதானமாக எழுதினாள். எழுதி முடித்து அவனிடம் காட்டினாள்.

*பிரசுரத்துக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆ. சுமலதா, ஆசிரியர்.*

அவன் படித்துவிட்டு நிமிர்வதற்குள் அந்தத் தாளை மடித்துத் தன் ஐடி கார்டுக் கவருக்குள் வைத்தாள். கார்டுக்குப் பின்னால் அல்ல. முன்னால், எழுத்து வெளியே தெரியும்படி. அப்படியே அவன் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, கேன்டீனை நோக்கி மழைக்குள் இறங்கினாள்.