தையல் அறையின் சூடு

வீடெங்கும் சில்லிட்டுக் கிடக்க, மனைவி குலிசாரின் தையல் அறையில் இருந்த ரேடியேட்டர் மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டதை நுஸ்ரத் ஒரு மத்தியானத்தில்தான் கவனித்தான். துருக்கியின் எர்சுரும் நகரில் ஜன்னல் வரை பனி ஏறியிருந்தது. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கெல்லாம் வெந்நீர் அனுப்பும் பழைய பாய்லர், சமையலறைச் சுவரில், முந்தின நாளே அணைந்துபோயிருந்தது.

"யாவுஸைக் கூப்பிடுங்களேன். பாய்லர் பம்ப் மாத்தத்தானே மாசாமாசம் காசு எடுத்து வச்சிருக்கேன்," என்றாள் குலிசார்.

"அவன் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது."

மெக்கானிக் யாவுஸ் வருஷம் தவறாமல் வந்து பாய்லரைச் சுத்தம் செய்வான். போன முறை அதைத் தட்டிக் காட்டி, "கிழவன் ரொம்ப முனகுறான் அண்ணி. இனி செலவு மேல செலவு வைப்பான், இப்பவே சேர்த்து வைங்க," என்றான். "இங்க இன்னொரு கிழவர் முனகுறாரே, அவருக்கும் ஒரு சர்வீஸ் போடுங்க தம்பி!" என்று அவள் கையிலிருந்த தேநீர் தளும்பச் சிரித்தாள். நுஸ்ரத்திடம் அவள் அப்படிச் சிரித்துப் பல வருஷமாகியிருந்தது. இந்த முறை சர்வீஸுக்கு வந்தவனை அவன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான்.

இப்போது மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், துருவும் ஈரக் கம்பளியும் கலந்த வாடையோடு, இரும்பை விரலால் தட்டும் மெல்லிய ஓசை கேட்டது. சற்றுப் பொறுத்து, குழாயின் ஆழத்திலிருந்து அதே தாளத்தில் பதில் வந்தது. குலிசார் சிரித்தாள். அதே சிரிப்பு.

கதவைத் தள்ளினான். ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்து, கன்னம் சிவக்க உட்கார்ந்திருந்தாள்.

"யார்கிட்ட பேசுற?"

"யார்கிட்ட பேசுவேன்? தண்ணி ஓடுற சத்தம்."

அவன் எரிவாயுவை மூடினான். குழாய்களிலிருந்த தண்ணீரையெல்லாம் வாளிகளில் இறக்கினான். கறுப்பாக வந்தது. ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. கடைசிச் சொட்டும் விழுந்த பிறகு, அறையில் மறுபடி தட்டல்.

ஸ்பேனரோடு போனான்.

"எழுந்திரு."

"வேண்டாங்க. கொஞ்ச நேரம். இதமா இருக்கு."

தோளைப் பிடித்துத் தள்ளினான். திருகைக் கழற்றினான். கை வெந்தது. விடவில்லை. ரேடியேட்டரைப் பெயர்த்து பால்கனிக்கு இழுத்துப்போய்ப் பனியில் எறிந்தான். பனி உருகவில்லை. கையைச் சுட்ட இரும்பு அதற்குள்ளாகவே சில்லிட்டிருந்தது.

உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. ஜெயித்துவிட்டான்.

திரும்பி வந்தான்.

குலிசார் அதே இடத்தில், வெறும் சுவரில் சாய்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. உதட்டில் புன்னகை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு வெற்றுக் குழாய்களும் அவள் காதருகே. குழாயிலிருந்து வந்த காற்றில் அவளுடைய கூந்தல் மெல்ல அலைந்து முன்னால் வந்தது. நின்றது. மெல்லக் குழாய்க்குள் இழுபட்டது. மறுபடி முன்னால் வந்தது.

அவள் மார்பு அசையவில்லை.