கடலை வறுக்கும் வாசம்

ஹாரிகாவின் நைனா திருந்தி வந்துவிட்டார் என்று போத்தனூரில் அந்தத் தெருவே சொன்னது. ஹாரிகா மட்டும் சொல்லவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு அப்படி என்ன சந்தேகம் என்று கேட்காதீர்கள். தெரு இதற்கு முன்பும் இப்படிச் சொல்லியிருக்கிறது. சீக்கிரமே வாயை மூடிக்கொண்டும் விட்டது.

அவர்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சீனிவாசலு. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுவதில் மகா கெட்டிக்காரர். குடித்துவிட்டாலோ, தன் செருப்பு எது என்றே தெரியாது. இந்த முறை குடியை நிறுத்தும் மருத்துவமனையில் பல வாரங்கள் தங்கி, உடல் மெலிந்து, முகம் தெளிந்து திரும்பியிருந்தார்.

"இன்னொரு தடவை குடிச்சுப்போட்டு வந்தாருன்னா, நாம உடுமலைக்கு மாமன் ஊட்டுக்கே போயர்லாம் கண்ணு. அப்புறம் திரும்பி வரமாட்டோம்" என்று அம்மா பத்மாவதி சொல்லியிருந்தாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். ஹாரிகாவின் துணிகளை மடித்துவைத்த பை ஒன்று அலமாரியில் தயாராக இருந்தது.

ஹாரிகாவுக்கு உடுமலை வேண்டாம். நைனா வேண்டும். குடிக்காத நைனா வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது டாக்டர் சாஜிதா பேகம் ஒன்று சொன்னார். "குடி உடம்பை விட்டுப் போயிருச்சு. ஆனா மூளை இன்னும் மறக்கல. குடிக்கறப்ப இருந்த இடம், நேரம், வாசம், எது வந்தாலும் 'கொண்டா, கொண்டா'ன்னு கத்தும். சித்த நேரம் கத்திட்டு அடங்கிரும். அந்தச் சித்த நேரந்தான் கஷ்டம்."

அம்மா தலையாட்டினாள். நைனா தரையைப் பார்த்தார். ஹாரிகாவுக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வாய் சும்மா இருந்தால்தான் குடிக்கிற நினைப்பு வருமாம். அதனால் நைனாவுக்கு ரொம்பப் பிடித்த காரக்கடலையைத் தினமும் சாயங்காலம் வறுத்தாள். பூண்டைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையும் மிளகாய்த்தூளும் தூவி வறுப்பாள். வாசம் தெருமுனை வரைக்கும் போகும்.

நைனா தட்டிலிருந்து இரண்டு கடலையை எடுப்பார். பிறகு காலை ஆட்டுவார். நெற்றி வேர்க்கும். வண்டிச் சாவியை எடுப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார்.

"ஏனுங்க, காரம் சாஸ்தியா?" என்று அம்மா கேட்பாள்.

"இல்லம்மணி, நல்லாருக்குது" என்பார் நைனா.

அன்று வெள்ளிக்கிழமை. நைனா ஹாரிகாவுக்கு இந்திய வரைபடம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். இலங்கையை மட்டும் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டார், தமிழ்நாட்டுக்கு இடமே இல்லை. ஹாரிகா சிரித்தாள். நைனாவும் சிரித்தார்.

அப்போது அடுப்படியிலிருந்து கடலை வாசம் வந்தது.

ஹாரிகாவின் வயிற்றை யாரோ பிசைகிற மாதிரி இருந்தது. ஏன்? நைனா கண் எதிரே தெளிவாகத்தானே உட்கார்ந்திருக்கிறார்? பயப்பட என்ன இருக்கிறது?

உடனே அவளுக்கு ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் நைனா தள்ளாடிக்கொண்டு வரும்போது சட்டைப் பையில், குடிக்கும்போது கொறித்த மீதிக் கடலைப் பொட்டலம் இருக்கும். "என்ற கண்ணுக்கு" என்று நீட்டுவார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அம்மா என்ன சொல்லப்போகிறாளோ என்று நடுங்குவாள் ஹாரிகா. அதே பூண்டு வாசம்தான் இது.

'அட, என் வயிறு என்னைக் கேட்காமலே பயப்படுதே! அப்ப நைனாவுக்கு?'

நிமிர்ந்து பார்த்தாள். நைனாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கையில் சாவி இருந்தது.

"வண்டிக்குக் காத்து அடிச்சுட்டு வந்தர்றேன்" என்றார்.

"நேத்துத்தானுங்களே அடிச்சீங்க?" அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

"நானும் வாரனுங்க நைனா" என்று ஓடினாள் ஹாரிகா.

"நீ எதுக்கு?"

"காத்து அடிக்கறதப் பாக்கோணும்."

காற்று அடிப்பதில் பார்க்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! ஆனால் அவர் பதில் சொல்வதற்குள் அவள் பின்சீட்டில் ஏறிவிட்டாள்.

காற்றடிக்கும் கடை வலது பக்கம். வண்டி இடது பக்கம் திரும்பியது. அங்கே ரயில்வே கேட். கேட்டைத் தாண்டினால் சாராயக் கடை. ஹாரிகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"கண்ணு, நீ எறங்கி ஊட்டுக்குப் போ."

"மாட்டனுங்க."

"சொன்னாக் கேளு!" குடிக்காத நேரத்தில் நைனா அவளிடம் கத்தியதே இல்லை.

ஹாரிகா அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நைனா, அந்தக் கடலை வாசம் வந்தா எனக்கு வயித்தப் பெசையுதுங்க. நீங்க குடிக்கலன்னு எனக்குத் தெரியும். வயித்துக்குத் தெரியமாட்டேங்குது. உங்களுக்கும் அப்படித்தானுங்களா?"

நைனா திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உன்னையுமா கண்ணு அது புடிச்சிருச்சு?" என்றார். "எனக்கு மண்டைக்குள்ள கத்துதம்மணி. அம்மா ஆசை ஆசையா வறுத்து வெக்கறா. வேண்டாம்னா மனசு நோகுமில்ல? எப்படிச் சொல்லறது?"

ஹாரிகாவுக்கு இப்போது எல்லாம் புரிந்தது. அம்மா பாசத்தில் வறுத்தாள். நைனா மரியாதையில் தின்றார். நடுவில் அந்த வாசம் தன் வேலையைச் செய்தது.

கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஹாரிகா அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். கடைசிப் பெட்டியும் போனது. கேட் மேலே ஏறியது. பின்னாலிருந்த வண்டிகள் ஹார்ன் அடித்தன.

நைனா அசையவில்லை.

"இப்பவும் கத்துதுங்களா?"

"கத்துது. கொஞ்சம் மெதுவா."

அவர் வண்டியைத் திருப்பினார்.

வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். ஹாரிகா எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "என்ற கையாலயே இப்படிப் பண்ணிப்போட்டனே" என்று அழுதாள்.

"ஆசையாத்தானுங்கம்மா செஞ்சீங்க. நாளைக்குச் சந்தகை செய்யலாங்களா?" என்றாள் ஹாரிகா.

சந்தகை என்றால் சும்மாவா? அரிசிமாவை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் இரும்பு அச்சில் போட்டு நூல்நூலாகப் பிழிய வேண்டும். இரண்டு பேர் முக்கி முனகிச் சுற்ற வேண்டும். நடுவில் யாரும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது.

மறுநாள் சாயங்காலம் நைனா ஒரு கைப்பிடியையும் ஹாரிகா மறு கைப்பிடியையும் பிடித்துச் சுற்றினார்கள். நைனாவின் நெற்றி இன்றும் வேர்த்தது. துணிகளை மடித்துவைத்த பை இன்னும் அலமாரியில்தான் இருந்தது. அதைப் பிரித்துத் துணிகளை வெளியே எடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஹாரிகாவும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் யாரோ கடலை வறுத்தார்கள். வாசம் ஜன்னல் வழியாக வந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஹாரிகா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

நைனா அச்சைத் திறந்தார். "இன்னொரு ஈடு மாவு போடு, கண்ணு" என்றார்.