ஒரு விரற்கடை உயரம்

அண்ணியைத் தேடி வருபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. நசுங்கிய பம்பரின் படம், உடைந்த விளக்கின் துண்டு என்று எதையாவது கொண்டுவருவார்கள். அன்று காலை வந்தவர் ஒரு டயரையே உருட்டிக்கொண்டு வந்தார். வாசற்படியில் அது ஏற மறுத்தபோது, "வாயேன்" என்று அதை அதட்டவும் செய்தார்.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, அவை எப்படி அடிபட்டன என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தருவது அண்ணியின் வேலை. வண்டிக்காரர் கதை விடுகிறார் என்றால், குரலைக்கூட உயர்த்தாமல் கண்டுபிடித்துவிடுவார். அவருடைய கொழுந்தன் டிரைவிங் பள்ளியில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். விடுமுறை என்றால் அண்ணியோடு ஒட்டிக்கொள்வான். அண்ணி பத்துக் கேள்வி கேட்டு ஒரு முடிவுக்கு வருவார்; இவன் ஒரு கேள்வியும் கேட்காமல் பத்து முடிவுக்கு வந்துவிடுவான். பரபரப்பு வந்தால் அவனுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். நாள் முழுக்க ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பழகிய கால் அது.

டயரோடு வந்தவரை எல்லோரும் ஸ்பிரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அவருடைய சகலையும் பதினோரு வருடமாக ஒரே ஷெட்டில் தொழில் செய்கிறார்கள். வண்டிகளுக்கு ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் மாட்டுவது இவர் பாடு. அதன்பிறகு சக்கரங்களை நேராக்குவது, அதாவது வீல் அலைன்மென்ட், சகலை பாடு. கம்ப்யூட்டர் வாங்கும் முன் நூலைக் கட்டியே சக்கரம் பார்த்தவர் என்பதால் அவர் பெயர் நூல். அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒருவர் சாப்பாட்டு டப்பாவை மற்றவர் கேட்காமலே திறக்கும் அளவுக்கு ஒட்டுதல்.

அந்த ஒட்டுதலுக்குத்தான் கேடு வந்திருந்தது. ஏழு வாரத்துக்கு முன் ஒரு பல் டாக்டர் தன் காரைத் தாழ்வாக்க ஆசைப்பட்டு, காயில் ஓவர் மாட்டச் சொன்னார். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் சாமான் அது. அதன் உடம்பில் திருகு மரை ஓடும். மரையில் உள்ள வளையத்தைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். ஸ்பிரிங் மாட்டினார், நூல் சக்கரங்களை நேராக்கினார், கார் நூல் பிடித்த மாதிரி ஓடியது. இரண்டு வாரத்தில் இடது பக்கம் இழுக்கிறது என்று திரும்பி வந்தது. நேராக்கினார்கள். மறுபடி இழுத்தது. மறுபடி நேராக்கினார்கள். இப்போது மூன்றாம் முறையாக இழுக்கிறது, டயரும் போய்விட்டது.

மாட்டியதில் ஏதோ நழுவுகிறது என்றார் நூல். கையால் ஆட்டிப் பார்த்தேன், கல் மாதிரி இறுகியிருக்கிறது, உன் கம்ப்யூட்டருக்குத்தான் கண் போய்விட்டது என்றார் ஸ்பிரிங். பேச்சு தடித்து, பிறகு நின்றே போனது. மூன்று வாரமாக ஷெட்டின் நடுவே ஒரு சாக்பீஸ் கோடு. இன்று மூன்று மணிக்குக் கொத்தனார் வந்து அந்தக் கோட்டின் மேல் சுவர் எழுப்பப்போகிறார். செங்கல் இறங்கிவிட்டது.

"தப்பு என் மேலன்னா சொல்லிடுங்க மேடம். நானே அவர் கால்ல விழுந்துடறேன்" என்றார் ஸ்பிரிங். "தெரியாமலே சுவர் ஏறிடக்கூடாது."

அண்ணி டயரை மெதுவாகச் சுழற்றி, உள்ளங்கையால் தடவினார். வெளி விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. உள் விளிம்பில் பள்ளங்கள் புதுசாகவே இருந்தன.

"இடது முன்பக்கம்தானே? தாழ்வான வண்டிக்கு வழக்கமா எந்த விளிம்பு தேயும்?"

"உள் விளிம்பு" என்று சொல்லிவிட்டு ஸ்பிரிங் டயரைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

போகிற வழியில் கொழுந்தன் வழக்கை முடித்துவைத்தான். நூலுக்குத் தனியாகக் கடை போட ஆசை. அதற்காக அவரே ராவோடு ராவாகத் திருகுகிறார். அண்ணி ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி, "ம்" என்றார். அந்த "ம்" சம்மதமில்லை என்பது கொழுந்தனுக்குத் தெரியும்.

ஷெட்டில் கோட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங்கின் கருவிகள், மறுபக்கம் நூலும் அவர் கம்ப்யூட்டரும், இரண்டுக்கும் நடுவே செங்கல் அடுக்கு. பல் டாக்டர் காரோடு வந்து காத்திருந்தார். மூன்று தடவை அலைந்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. அவர் மனைவிக்கு எட்டு மாதம். ஒரு நாற்காலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா, பிரசவம் வரை கூட இருக்க வந்தவர், பக்கத்தில் நின்றார். மற்ற எல்லோரும் காரைப் பார்க்க, அவர் மட்டும் செங்கலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி முதலில் டேப்பை எடுத்தார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தார். இடது பக்கம் வலதைவிடப் பதினெட்டு மில்லிமீட்டர் உயரம்.

"ரெண்டும் ஒரே அளவு வச்சேன்" என்றார் ஸ்பிரிங். பிறகு ஏன் அளந்து பார்க்கவில்லை என்று அண்ணி கேட்டார். டேப்பை எடுத்தால் தன் வேலையைத் தானே சந்தேகப்பட்டதாகிவிடும் என்பதால் இவர் அளக்கவில்லை. அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைத்ததாகிவிடும் என்பதால் நூலும் அளக்கவில்லை. வீம்பு இரண்டு பேருக்கும் ஒரே அளவு.

இடது சக்கரத்தைக் கழற்றி, அண்ணி டார்ச் அடித்துப் பார்த்தார். வளையம் இறுகித்தான் இருந்தது. அதன் கீழே மரையில் மூன்று பட்டைகள். அடியில் இருந்தது சேறு படிந்து மங்கியிருந்தது. நடுப்பட்டையில் லேசான தூசி. வளையத்தை ஒட்டிய மேல் பட்டை பளபளவென்று இருந்தது. வளையத்தில் ஒரு கீறல்கூட இல்லை. டிக்கியில், வளையம் திருகும் கொக்கி ஸ்பேனர் பழைய துண்டுத்துணி ஒன்றில் நான்காக மடித்துச் சுற்றி, லேசாக எண்ணெய் தடவி வைக்கப்பட்டிருந்தது. தான் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்ததாக ஸ்பிரிங் சொன்னார்.

கொழுந்தனுக்கும் ஏதாவது கண்டுபிடிக்கவேண்டும் போலிருந்தது. பழக்கதோஷத்தில் இடது முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். வலது காலை நீட்டினான். முன்பக்கத் தடுப்பு எட்டவில்லை.

"அண்ணி, இந்த சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளியிருக்காங்க. முதுகுக்குத் தலகாணி வேற. இதுல இருந்து எந்திரிக்கவே ஒரு ஆள் கை கொடுக்கணும்."

அண்ணி திரும்பி அவனைப் பார்த்தார். "அதைத்தான் தேடிட்டிருந்தேன்" என்றார். கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. தான் என்ன கண்டுபிடித்தோம் என்பதும் புரியவில்லை.

மணி ஒன்றேகால். அண்ணி எல்லோரையும் காரைச் சுற்றி நிற்கச் சொன்னார்.

"வளையம் தானா நழுவினா எந்தப் பக்கம் போகும்?" என்று ஸ்பிரிங்கைக் கேட்டார்.

"கீழதான். வண்டிப் பாரமே அது மேலதானே உக்காந்திருக்கு."

"இது மேல போயிருக்கு. அந்தப் பக்கம் உயர்ந்ததால சக்கரம் வெளிப்பக்கமா சாஞ்சு வெளி விளிம்பு தேஞ்சுது, வண்டியும் அந்தப் பக்கமே இழுத்துது. பாரம் தானா இறங்கும், தானா ஏறாது. ஒரு கை திருகியிருக்கு."

அந்தக் கை மூன்று முறை வேலை செய்திருக்கிறது என்று அவர் பட்டைகளைக் காட்டினார். வளையம் ஏறும்போதெல்லாம் கீழே புது மரை வெளியே தெரியும். முதலில் தெரிந்ததில் அழுக்கு அதிகம், கடைசியில் தெரிந்ததில் அழுக்கே இல்லை. ஷெட்டில் யாராவது திருகியிருந்தால், அதன்பிறகு நூல் நேராக்கியதில் அது சரியாகியிருக்கும். நேராக்கி அனுப்பிய பிறகுதான் ஒவ்வொரு முறையும் ஏறியிருக்கிறது. ஆகவே மாட்டியவரும் சரி, நேராக்கியவரும் சரி. கை டாக்டரின் வீட்டில் இருக்கிறது.

டாக்டர் வாயைத் திறந்து மூடினார். மற்றவர்களின் வாயைத் திறந்துவைத்தே பழகியவருக்கு அது புதிதாக இருந்திருக்கும்.

"நீங்க திருகியிருந்தா மூணு தடவை வந்து சண்டை போட்டிருக்க மாட்டீங்க" என்றார் அண்ணி. "உங்க மனைவியால குனிய முடியாது. திருகினவர் இரும்பை மதிக்கிற ஆளு. ஒரு கீறல் விழல, ஸ்பேனரைக் குழந்தை மாதிரி துணியில சுத்தியிருக்காரு. இன்னொண்ணு, அந்த சீட்ல உக்காந்து எந்திரிக்கக் கஷ்டப்படறவங்க மேல அவருக்கு உசிரு."

 பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

"நான்தாம்மா. லேத் பட்டறையில நாப்பது வருஷம் இருந்தவன். வாரம் விட்டு வாரம் மூணு சுத்து." அவர் மாப்பிள்ளையைப் பார்க்காமல் பேசினார். "ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் இவ பல்லைக் கடிக்கிறதைப் பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது? மாப்பிள்ளை ஆசைப்பட்டு மாட்டினதை உசரம் பத்தலைன்னு நான் எந்த வாயால சொல்ல? அதான் அவ பக்கம் மட்டும் ஒரு விரற்கடை. உங்க பக்கம் நீங்க வச்சபடியே விட்டேன், மாப்பிள்ளை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இழுக்கறது இதனாலதான்னு தெரியாது. இங்க செங்கல்லைப் பாத்ததும்தான் என்னால ஒரு கடை ரெண்டாகுதோன்னு தோணிச்சு."

மகள் அழுதாள். தனக்கு ஏறி இறங்கப் பழகிவிட்டது என்று நினைத்தாளாம். டாக்டர் அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். அவருடைய கோபம் இருந்த இடத்தில் இப்போது வெட்கம் இருந்தது; அதை அவர் மறைக்கவும் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. அந்த ஒரு வார்த்தையக்கூடக் கேக்க மாட்டேன்னு நினைக்கிற மாதிரி நான் நடந்திருக்கேன்." பிறகு எழுந்து, "ரெண்டு பக்கமும் ஏத்திடுங்க" என்று ஸ்பிரிங்கிடம் சொன்னார்.

ஸ்பிரிங் வளையங்களைத் திருகி நான்கு சக்கரத்துக்கும் உயரத்தைச் சரிசெய்தார். ஒவ்வொரு அளவையும் டேப் வைத்துப் பார்த்தார். இனிச் சக்கரங்களை நேராக்கவேண்டும். வழக்கமாக அந்த இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து போவதால், அந்தப் பாரத்தையும் ஏற்றிவைத்தே நேராக்கவேண்டும் என்று நூல் சொன்னார். அதையும் சகலையிடம் சொல்லாமல் கொழுந்தனிடம் சொன்னார். எட்டு மாத வயிற்றோடு அவளைக் காரைத் தூக்கும் லிஃப்டில் ஏற்ற முடியாது. பாரத்துக்கு எங்கே போவது என்று எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். எல்லோர் பார்வையும் ஒரே இடத்தில் போய் நின்றது.

எத்தனை கிலோ என்று கேட்டபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுபது" என்றாள். பிறகு, "ரெண்டு கல் குறைச்சே போடுங்க" என்றாள்.

கொழுந்தன் சாக்பீஸ் கோட்டின் மேல் நின்றுகொண்டான். ஸ்பிரிங் எடுத்துக் கொடுத்த செங்கலை அவன் வாங்கி நூலிடம் நீட்ட, அவர் இருக்கையில் அடுக்கினார். சுவராக நிற்கவேண்டிய கற்கள் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தன.

மூன்று மணிக்குக் கொத்தனார் வந்தார். செங்கல் அடுக்கின் மேல்வரிசையைக் காணோம். மீதிக் கல்லில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கோட்டைத் தேடினார். கொழுந்தனின் செருப்புக்கு அடியில் அது பெரும்பாலும் அழிந்திருந்தது. அவனுடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

நூல் கம்ப்யூட்டர் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"சகலை" என்றார். "இன்னும் ஒரு கல்லு வேணும்."

மூன்று வாரத்தில் முதல் வார்த்தை.  ஸ்பிரிங் கொத்தனாரின் கையிலிருந்த செங்கலை வாங்கிக்கொண்டு, கொழுந்தனைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.