இரண்டாவது ஆட்டக்காரி

என் மகன் பவன்குமார் சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு வந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறான். வாசலில் காரை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு என் காலைத் தொட்டான். அதை யாரும் அவனுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. என் வீட்டில் வளர்ந்தவன்.

நகரியில் எங்கள் தெருவில் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். வீட்டுக்கு வீடு விசைத்தறி. எங்கள் பின்கட்டில் மட்டும் எட்டு. அந்தச் சத்தம் சுவரில், தரையில், குடிக்கிற சொம்புத் தண்ணீரில்கூட அதிர்ந்துகொண்டே இருக்கும். கரண்ட் போனால் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கும். அப்போது தெருவில் ஓர் அமைதி இறங்கும். வாழ்நாள் முழுக்கத் தறியோடு இருந்தும் அந்த அமைதியை மட்டும் என்னால் தாங்க முடிந்ததில்லை.

சாப்பிட உட்காரும்போது கேட்டான்.

"நைனா, நம்ம பழைய டிவி கேம் எங்க கீது?"

"அதெல்லாம் எப்பவோ போச்சு. நீ துன்னு."

"எங்க ஆபீஸ்ல பழைய கேமுக்குன்னே ஒரு ரூம் வெச்சிகீறாங்க. தலை நரைச்ச ஆளுங்கல்லாம் மத்தியானம் அங்கதான் உக்காந்துக்கினு கீறாங்க."

"வேற வேலை இல்லியா அவங்களுக்கு?"

சிரித்தான். "புது கேம் சினிமா மாதிரிதான் கீது நைனா. ஆனா அதுல உக்காந்தா இன்னொரு ஆபீஸ்ல உக்காந்த மாதிரி கீது. இதுல ஓடணும், குதிக்கணும், அவ்ளோதான். செத்தா முதல்லருந்து ஆரம்பிக்கலாம். கையில புடிச்சா பத்து வயசு ஆயிடுது."

அவனுக்குப் பத்து வயது ஆனது தொண்ணூற்றேழில். துர்காதேவி போனதும் அந்த வருடம்தான்.

துர்காதேவி என் மகள், பவனின் அக்கா. பத்தொன்பது வயதில் மஞ்சள்காமாலையில் இறந்தாள் என்று ஊருக்குச் சொன்னேன். பவனுக்கும் அதையே சொன்னேன். உண்மை தெரிந்த இரண்டு பேரில் என் மனைவி ரத்னம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் பவன். அந்த உண்மையைத் தெரிந்துகொண்டு அவன் என் பிணத்தின் பக்கத்தில் நிற்கக் கூடாது. இந்த வயதில் நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

"பரண்ல தேள் கீதுடா" என்றேன்.

அதற்குள் ஏணியில் ஏறிவிட்டான்.

அந்த டிவி கேம் பெட்டியைக் கிணற்றில் போடச் சொல்லியிருந்தேன். என் பேச்சை ஒருநாளும் தட்டாத ரத்னம்மா அதை மட்டும் செய்யவில்லை. பரணில் இருந்த ட்ரங்குப் பெட்டியில், மகளின் தாவணிகளுக்கு நடுவில் வைத்து மூடியிருந்தாள். பவன் மூடியைத் திறந்ததும் கீழே நின்ற எனக்கு ஒரு வாடை வந்தது.

பச்சிலையும் கெட்டுப்போன முட்டையும் கலந்த வாடை.

"எலி செத்துக் கீதா?" என்றான் மேலிருந்து.

எனக்கு அந்த வாடை தெரியும்.

அந்தக் காலத்தில் கடைவீதியில் மணிவேல் என்பவன் வீடியோ கேம் கடை வைத்திருந்தான். பிச்சாட்டூர்ப் பக்கத்தில் கூலி வேலை செய்தவரின் மகன். துர்கா தம்பியை அழைத்துக்கொண்டு அங்கே போவாள். தம்பிக்காகப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். குவைத்துக்கு விமானம் ஏறும் முன்பு மணிவேல் அந்த டிவி கேமை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். பிறகு கடிதம் வந்தது. கடிதம் என் கையில் கிடைத்தது.

"அவரு வரவரைக்கும் காத்துக்கினு இருப்பேன் நைனா" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

தறியில் ஊடுநூல் ஓட்டும் நாடாவை அடித்துத் தள்ளும் கட்டை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவளுடைய வலது மணிக்கட்டில் அடித்தேன்.

எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் யோசிக்க மாட்டார்கள். நாட்டு வைத்தியக் கட்டுப் போடப் புத்தூருக்குப் பஸ் ஏறுவார்கள். அரை மணி நேரம். ஆனால் அங்கே வரிசையில் எந்த நாளும் நாலு நகரிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எப்படி ஆச்சு என்று கேட்பார்கள். துர்கா பொய் சொல்லத் தெரியாதவள்.

ஆகவே நானே கட்டினேன். ஒருமுறை எனக்குத் தோளில் அங்கே கட்டுப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளை, மூங்கில் பத்தை, சுற்றுவதற்கு எங்கள் தறித் துணி. அவளுக்குத் தோல் கிழிந்து எலும்பு தெரிந்தது. காயம் இருந்தால் கட்டக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போ என்று அங்கே திருப்பி அனுப்புவார்கள். அதுவும் எனக்குத் தெரியும். காயத்தின் மேலேயே இறுக்கிக் கட்டி நூல் அறையில் வைத்துப் பூட்டினேன். ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தாள்.

தறிச் சத்தத்தில் அவள் அழுவது கேட்காது. கரண்ட் போகும்போது மட்டும் கேட்கும்.

ரத்னம்மா கெஞ்சியதால் டிவியை அந்த அறைக்கு மாற்றினேன். பவனை மட்டும் உள்ளே விட்டேன். அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கு ஒரு கைதானே? பட்டன் வைத்த ஆட்டக் கட்டையைத் தரையில் வைத்து இடது கையால் ஓட்டுவாள். குதிக்கிற பட்டனைக் கால் கட்டைவிரலால் அழுத்துவாள். கொஞ்சம் தாமதமாகும். அதனால் மூன்றாவது குழியில் தவறாமல் விழுவாள். அதைப் பார்த்துப் பவன் கைதட்டிச் சிரிப்பான்.

கூடத்தில் பழைய டிவி இன்னும் இருந்தது. பவன் ஒயர்களைத் துடைத்து மாட்டினான். கீச்சென்று அந்தப் பாட்டு வந்தது. மலைப்பாலங்கள். நீலச் சட்டை போட்ட குள்ளன் ஒருவன், பச்சைச் சட்டை போட்ட குள்ளன் ஒருவன்.

"அய்யோ, பழக்கதோஷத்துல ரெண்டு பேருன்னு அமுக்கிட்டேன். ஒருத்தர் நின்னுட்டா இன்னொருத்தர் போக முடியாது நைனா. நீ ஆடறியா?"

"எனக்கு வேற வேலை இல்லியா?"

அவன் நீலச் சட்டையை ஓட்டினான். திரையின் ஓரம் வரை போய் நின்றது. இரண்டாவது கட்டை தரையில், யாரும் தொடாமல் கிடந்தது.

பச்சைச் சட்டை நடக்கத் தொடங்கியது.

"பட்டன் ஒட்டிக்கினு கீது போல" என்றான் பவன்.

முதல் குழி வந்தது. நீலம் தாண்டியது. பச்சை விளிம்பில் கொஞ்சம் நின்று, பிறகு தாண்டியது. இரண்டாவது குழியிலும் அப்படியே. பவனின் சிரிப்பு மெல்ல நின்றது.

மூன்றாவது குழியில் பச்சை விழுந்தது.

அப்போது கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. பின்கட்டில் எட்டுத் தறியும் நின்றன. தெருவில் ஒவ்வொரு வீடும் அடங்கியது. அந்த அமைதி கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

டிவி மட்டும் அணையவில்லை.

நான் எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன். ஒயர் என் கையில் தொங்கியது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பச்சைச் சட்டைக்காரன் முதலிலிருந்து வந்து விளிம்பில் நின்றான். தரையில் கிடந்த கட்டையில் குதிக்கிற பட்டன், யாரோ கால் விரலை வைத்தது போல, மெதுவாக உள்ளே அமுங்கி மேலே வந்தது.

பவன் அதைப் பார்த்தான்.

"அக்கா?"

பச்சைச் சட்டை குதித்தது. தாமதமாக.

"பவனு, எழுந்துரு" என்றேன்.

அவன் எழவில்லை. தரையில் மண்டியிட்டு, அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் குனிந்து, காதில் சொல்வது போலக் கேட்டான்.

"படியில வழுக்கி விழுந்தியா?"

பச்சை அசையவில்லை.

"காமாலையா?"

அசையவில்லை.

முட்டை வாடை கூடம் முழுக்க நிறைந்தது. பவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நைனாவா?"

பட்டன் அமுங்கியது.

"உனக்கு அப்போ பத்து வயசு" என்றேன். "குடும்பத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? அவ அவனோட போயிருந்தா உன் அக்கான்னு சொல்லிக்கினு இந்தத் தெருவுல நடந்திருப்பியா? நான் காப்பாத்தினேன். உனக்கும் சேத்துத்தான்."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கட்டுல நாத்தம் வருதுன்னு உங்கிட்ட வந்து சொன்னேன். முட்டை அப்படித்தான் நாறும்னு சொன்னே. நானும் போய் சிரிச்சிக்கினு ஆடினேன்." மூச்சை இழுத்தான். "புத்தூரு அரை மணி நேரம் நைனா."

நீலச் சட்டையின் கட்டையை எடுத்து என் மடியில் வைத்தான்.

"அவ காத்துக்கினு கீறா. நீ ஆடு."

இந்த முறை என் காலைத் தொடவில்லை. கார் கிளம்பிய சத்தம் அந்த அமைதியில் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பிறகு கரண்ட் வந்தது. தறிகள் பேரிரைச்சலோடு எழுந்தன. டிவி அணைந்தது.

டிவியைப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தேன். ஆட்டப் பெட்டியைக் கல்லோடு கட்டிக் கிணற்றில் போட்டேன்; ரத்னம்மா அன்றே செய்திருக்க வேண்டியது.

மறுநாள் கரண்ட் போனபோது பெட்டி கூடத்தில் இருந்தது. ஈரம் இல்லை. டிவி அதன் இடத்தில் பாடிக்கொண்டிருந்தது. மூன்றாவது குழியின் விளிம்பில் பச்சைச் சட்டை நின்றது. தெருவுக்குப் போய் நின்று பார்த்தேன். அங்கேயும் அந்தப் பாட்டு கேட்டது, எனக்கு மட்டும். நான் உட்கார்ந்து கட்டையை எடுக்கும் வரை நிற்கவில்லை.

ஆடுகிறேன். விழுகிறேன். முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

பவன் போன் எடுப்பதில்லை.

போன வாரம் காலையில் எழுந்தபோது என் வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. நான் எங்கும் விழவில்லை. தோல் கிழிந்து எலும்பின் நுனி தெரிந்தது. பஸ் நிலையம் வரைக்கும் துண்டைப் போர்த்திக்கொண்டு நடந்தேன். புத்தூர் பஸ் நின்றது. ஜன்னலோரத்தில் எங்கள் தெரு பாலசுந்தரம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தணிகாசலம், எங்க இவ்ளோ தூரம்? கையில இன்னா?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

பச்சிலை அரைத்து, முட்டை உடைத்து, மூங்கில் பத்தை வைத்து நானே கட்டிக்கொண்டேன். பற்களால் துணியை இழுத்து முடிச்சுப் போட்டேன். ஆட்டக் கட்டையை இப்போது தரையில் வைத்துத்தான் ஆடுகிறேன். குதிக்கிற பட்டனைக் கால் கட்டைவிரலால் அழுத்துகிறேன். கொஞ்சம் தாமதமாகிறது. மூன்றாவது குழியில் விழும்போதெல்லாம் யாரோ கைதட்டுகிறார்கள்.

இதை இடது கையால் எழுதுகிறேன். கட்டிலிருந்து நாற்றம் வரத் தொடங்கிவிட்டது. முட்டை அப்படித்தான் நாறும்.

இன்று எட்டாம் நாள்.

தறிகள் நின்றுவிட்டன.